பழைய பூச்சை உரிப்பது எப்படி? ஃபைபர் பாய்மரப் படகுகளின் அடிப்புறம் குறித்து

மரப்படகு தன் காலம் முடிந்தால் உளுத்துப்போகும். அதோடு அதன் பூச்சும் போய்விடும். கண்ணாடியிழைப் படகு அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அமெரிக்காவின் பியர்சன் நிறுவனம், கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த 'ட்ரைட்டன்' என்ற 28 அடிப் பாய்மரப் படகை 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. இந்தப் புதுப் பொருள் எத்தனை காலம் தாங்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த வரிசைப் படகுகள் பல கடலில் ஓடுகின்றன. உடல் நிலைத்ததால் அதன்மேல் ஆண்டுதோறும் ஏறிய பூச்சும் நிலைத்துவிட்டது. 1970களில் கட்டிய படகொன்றை இன்று ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ மலிவாக வாங்குகிறவர், படகோடு சேர்த்து நாற்பது ஐம்பது ஆண்டுப் பெயின்டையும் வாங்குகிறார். அதை எடுப்பதா விடுவதா, எடுப்பதென்றால் எதைக் கொண்டு எடுப்பது, எடுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற மூன்று கேள்விகளும் அவர் தலையில் விழுகின்றன. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீர்மட்டக் கோட்டுக்கு மேலே உள்ள பூச்சு பெரும்பாலும் அழகுக்கானது. அதை உரிப்பதில் சிக்கல் குறைவு. கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் விவகாரம். கடலில் நிறுத்திய எந்தப் பொருளின் மீதும் சில வாரங்களில் வழவழப்பு படியும், பிறகு பாசி வளரும், கொட்டலசு ஒட்டும். கொட்டலசு ஏறிய படகு காற்று இருந்தும் நகர மறுக்கும். அதைத் தடுக்க அடிப்புறத்தில் பூசுவது ஒருவகை நஞ்சு. பெரும்பாலான பூச்சுகளில் அந்த நஞ்சு தாமிர ஆக்சைடு. சில கடின வகைகளில் டப்பாவின் எடையில் பாதிக்கும் மேல் அதுவே. ஆக, உரிக்கும்போது கையில் வருவது வெறும் வண்ணத்தூள் இல்லை, உயிர்களைக் கொல்வதற்கென்றே தயாரித்த பொருள். மேற்கொண்டு சொல்லப்போகும் ஒவ்வொரு முறையையும் இதை மனத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஒரு கை பூச்சு காய்ந்தபின் ஏறக்குறைய 40, 50 மைக்ரான் கனம் இருக்கும். தேய்ந்தது போக இருபது கை தங்கினால் ஒரு மில்லிமீட்டர். அதற்கு அடியில் இருக்கும் ஜெல்கோட், அதாவது படகு வார்க்கும்போதே அச்சில் முதலில் அடித்த நிறமேற்றிய பிசின் படலம், அரை மில்லிமீட்டர் அளவுதான். அதற்கும் உள்ளேதான் கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் பிசினும் அடுக்கடுக்காக இருக்கின்றன. எடுக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர், காக்க வேண்டியது அரை மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எதுவும் வரைந்திருப்பதில்லை. இந்த வேலையின் கஷ்டம் முழுக்க இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

முதலில், உரிக்கத்தான் வேண்டுமா? பல படகுகளுக்கு வேண்டியதில்லை. பழைய பூச்சு கெட்டியாகப் பிடித்திருந்தால், மேலே உப்புத்தாள் காட்டிச் சொரசொரப்பாக்கி, அதனோடு ஒத்துப்போகும் புதுப் பூச்சை அடிக்கலாம். ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கும்போது துணியில் நிறம் ஒட்டினால் அது கரைந்து தேயும் வகை. ஒட்டாமல் பளபளத்தால் கடின வகை. தேயும் வகை ஓரளவு தானாகவே குறைந்துகொண்டு வரும். கடின வகை அப்படியே தங்கிக் கனக்கும். ஒருநாள் அந்தக் கனத்தைத் தானே தாங்காமல் செதில் செதிலாகப் பெயரும். பெயர்ந்த இடம் முட்டையோடு உடைந்ததைப்போலக் குழிகுழியாகத் தெரியும். அந்தக் குழிகளின் மேல் மறுபடி மறுபடி பூசிக்கொண்டே போவதில் பொருளில்லை. அடியில் கொப்புளம் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலும், முன்னே எவர் என்ன பூசினார் என்பது தெரியாவிட்டாலும், முழுக்க உரிப்பதே சரி.

இனி முறைகள். மிகப் பழையதும் இன்றுவரை மரியாதை குறையாததும் கைச்சுரண்டிதான். கார்பைடு அலகு பூட்டிய இழுப்புச் சுரண்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். அலகின் இரண்டு முனைகளையும் அரத்தால் லேசாக உருட்டிவிடாமல் தொடங்கக் கூடாது. கூரான முனை ஜெல்கோட்டில் கோடு கிழித்துவிடும். சரியான சாய்வில் இழுத்தால் சிவப்பு, அதனடியில் நீலம், அதற்கும் அடியில் சாம்பல்நிற அடிப்பூச்சு எனச் செதில்கள் சுருண்டு விழும். அலகு ஜெல்கோட்டைத் தொட்ட நொடியில் ஓசை மாறும்; கரகரப்பு போய் வழுக்கும் சத்தம் கேட்கும். பழகியவர் கண்ணைவிடக் காதை நம்பி வேலை செய்கிறார். சுரண்டியோடு தூசு உறிஞ்சியின் குழாயைச் சேர்த்துக் கட்டிவிட்டால் செதில்கள் தரையைத் தொடாமலே பைக்குள் போய்விடும். இந்த முறையில் கிளம்பும் நுண்தூசு மற்ற எதையும்விடக் குறைவு. விலை உடம்பு வலி. 32 அடிப் படகுக்கு அடிப்புறம் சுமார் 25 சதுர மீட்டர் வரும். அதில் பாதி தலைக்கு மேலே கையை உயர்த்திச் செய்ய வேண்டியது.

அடுத்தது உப்புத்தாள். சுழன்று அதிரும் மின்கருவியில் 60 அல்லது 80 நம்பர் வட்டத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் பரவலான வழக்கம். அடுக்குகள் திறக்கத் திறக்க, நிலப்படத்தின் சமவுயரக் கோடுகள் மாதிரி வண்ண வளையங்கள் விரியும். வளையம் எங்கே நெருக்கமோ அங்கே கருவி ஆழமாக இறங்கிவிட்டதென்று அர்த்தம். ஒரே இடத்தில் சில விநாடி கூடுதலாக நின்றாலும் ஜெல்கோட் போய், கண்ணாடியிழையின் நெசவு கண்ணில் படும். அவசரத்துக்கு அரைக்கும் கருவியைக் கையில் எடுப்பவர்கள் படகின் உடலில் அலைகளைச் செதுக்கிவிடுகிறார்கள். பிறகு பட்டி பார்த்து அதை நிரவ ஆகும் நாட்கள், மிச்சப்படுத்திய நாட்களைவிட அதிகம்.

இங்கே வல்லுநர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு ஒன்று இருக்கிறது. நஞ்சுப் பூச்சை உலர்நிலையில் தேய்க்கவே கூடாது, தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும் என்பது பிரிட்டனில் பூச்சுத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் எச்சரிக்கை. அமெரிக்கப் படகுத்துறைகள் பலவற்றில், தூசு உறிஞ்சி பொருத்திய கருவியால் உலர்வாகத் தேய்ப்பதே அனுமதிக்கப்பட்ட முறை. ஈரத்தேய்ப்பின் நிறத்தண்ணீர் வடிகாலில் இறங்கும் என்று அஞ்சுகிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. நல்ல வடிகட்டி உள்ள உறிஞ்சி, கீழே தார்ப்பாய், முகத்தை முழுக்க அடைக்கும் வடிகட்டி முகமூடி மூன்றும் இருந்தால் உலர்தேய்ப்பை ஏற்கலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைத் தொடவே கூடாது. துணி முகக்கவசம் இந்தத் தூசுக்குப் பொருட்டே இல்லை. திறந்த வெளியில் உறிஞ்சி இல்லாமல் தேய்ப்பவர், தன் நுரையீரலோடு பக்கத்துப் படகுக்காரரின் நுரையீரலுக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார்.

ரசாயன ரிமூவரின் கதை வேறு. பல பத்தாண்டுகளாகக் கடையில் கிடைத்த ரிமூவர்களின் உயிர்நாடி மெத்திலீன் குளோரைடு. நிமிடங்களில் பூச்சைக் கொப்புளிக்க வைக்கும். அதன் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய இடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். 1980 முதல் குறைந்தது 88 பேர் இதனால் இறந்திருக்கிறார்கள் என்று சொல்லி, 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. வீட்டு உபயோக ரிமூவர்களில் 2019இலேயே தடை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முன்பே கட்டுப்படுத்தியது. மனித உயிரை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஃபைபர் படகுக்கு இது ஆகாது. இரும்புக்கும் மரத்துக்கும் செய்த ரிமூவர், பெயின்டின் பிசினுக்கும் ஜெல்கோட்டின் பிசினுக்கும் வேற்றுமை பார்க்காது, இரண்டையும் இளக்கும்.

இப்போது கண்ணாடியிழைக்கென்றே பென்சைல் ஆல்கஹால், சோயா எண்ணெயிலிருந்து எடுத்த எஸ்டர் போன்றவற்றைக் கொண்டு ரிமூவர்கள் வருகின்றன. தோசை மாவுப் பதத்தில் கனமாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, சில மணி நேரமோ ஓர் இரவோ விட்டால் அடுக்குகள் இளகும். பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுக்கலாம். தூசே இல்லை என்பது பெரிய லாபம். குளிர்நாளில் வேலை செய்யாது. பத்து கை ஏறிய இடத்தில் இரண்டு மூன்று முறை அப்ப வேண்டும். வழித்த கூழ் முழுவதும் தாமிரம் கலந்த அபாயக் கழிவு. எச்சத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் புதுப் பூச்சு பிடிக்காமல் போகும். முழுப் படகுக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சுரண்டி எட்டாத இடங்களில், ஏரா (கீல்) உடலோடு சேரும் வளைவிலும் சுக்கானைச் சுற்றியும், இதைவிட நல்ல முறை இல்லை.

காற்றழுத்தத்தில் துகள்களை வீசி உரிப்பது கடைசி வகை. மணல் வீசுவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. மணல் ஜெல்கோட்டைத் தின்றுவிடும். படகுகளுக்குப் பெயர் பெற்றது சமையல் சோடா வீச்சு. 1980களில் நியூயார்க் சுதந்திர தேவி சிலையைப் பழுதுபார்த்தபோது, தாமிரத் தகட்டின் உட்புறம் படிந்திருந்த தாரைத் தகடு சேதமாகாமல் எடுக்க சோடாத் துகளைப் பயன்படுத்தினார்கள். மென்மையான துகள், மோதியதும் நொறுங்கிவிடும் என்பதே அதன் சிறப்பு. தேர்ந்த கைக்கு ஒரு படகு ஒரே நாளில் முடிந்துவிடும். தேராத கை ஒரே இடத்தில் நின்றால் சோடாவும் ஜெல்கோட்டைக் குடைந்துவிடும். வார்ப்பிலேயே உள்ளே தங்கிய காற்றுக்குமிழிகளை அது ஊசித்துளைகளாகத் திறந்தும் விடும். திறப்பது ஒருவகையில் நன்மை. மறைந்திருந்த குறை வெளிப்படுகிறது. சோடாவின் காரத்தன்மை மேற்பரப்பில் தங்கினால் எபாக்சி ஒட்டாது என்பதால் வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு: படகிலிருந்து உரிந்த சில கிலோ பூச்சு, வீசிய துகளோடு கலந்து பல மடங்கு எடையுள்ள கழிவாகிறது. கூடாரம் கட்டாமல் செய்தால் துறையெங்கும் பறக்கிறது. தண்ணீரோடு கலந்து கண்ணாடித்துகள் வீசும் முறையில் தூசு குறையும். உலர்பனிக்கட்டி வீசினால் துகள் ஆவியாகிப் பூச்சு மட்டும் கீழே விழும். கழிவுக் கணக்கில் மிகச் சுத்தமானது, செலவில் மிக அதிகம்.

சூடு காட்டி உரிப்பதை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். மரத்தில் பழகியவர்களுக்கு அந்த ஆசை வரும். பிசின் சூட்டில் இளகும், பூச்சின் நச்சுப்புகை மூக்கில் ஏறும்.

உரிக்கும் வேகத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பிரான்ஸின் ஆர்க்காஷோன் விரிகுடா தெரிந்திருக்க வேண்டும். 1960களிலிருந்து படகுப் பூச்சுகளில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் புகுந்தது. தாமிரத்தைவிடப் பல மடங்கு வீரியம். படகுக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். 1970களின் பிற்பகுதியில் ஆர்க்காஷோனில் சிப்பி வளர்ப்பவர்கள், குஞ்சுகள் தங்காமல் போவதையும், பிழைத்த சிப்பிகளின் ஓடு கனத்துக் கோணலாவதையும் கண்டார்கள். பழி பாய்மரப் படகுகளின் அடிப்புறத்துக்கு வந்துசேர்ந்தது. 1982இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடை செய்தது. 1987இல் பிரிட்டனும் 1988இல் அமெரிக்காவும் சட்டம் கொண்டுவந்தன. பிரிட்டிஷ் கரைகளில், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே ஒருவகைக் கடல்நத்தையின் பெண்களுக்கு ஆணுறுப்பு முளைப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தச் சேர்மத்தைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தம் 2001இல் கையெழுத்தாகி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் தடை செய்தது இன்று ஏன் நமக்கு? 1980களில் பூசியது பல படகுகளில் அப்படியே அடியில் இருக்கிறது என்பதால். ஸ்வீடன் இதை நேருக்கு நேர் பார்த்த நாடு. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியைப் படகின் உடலில் வைத்து, பூச்சைச் சுரண்டாமலே உள்ளே எவ்வளவு வெள்ளீயமும் தாமிரமும் இருக்கின்றன என்று அளக்கும் முறையை உருவாக்கினார்கள். பொழுதுபோக்குப் படகுகளில் பழைய வெள்ளீய அடுக்குகள் இன்னும் தங்கியிருப்பது அதில் தெரிந்தது. குளிர்காலத்தில் படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் இடங்களின் மண்ணைச் சோதித்தபோது தாமிரம், துத்தநாகம், ஈயம், வெள்ளீயச் சேர்மம் எல்லாம் அளவுமீறி இருந்தன. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒவ்வொருவரும் தன் படகைச் சுரண்டிக் கீழே சிந்தியதன் கூட்டுத்தொகை அது.

இங்கே ஒரு வாதம் எழுகிறது: அடியில் கிடக்கும் நஞ்சை அசைப்பானேன், மேலே தடுப்புப் பூச்சு அடித்து மூடிவிட்டால் என்ன? சர்வதேச ஒப்பந்தமே கப்பல்களுக்கு இந்த வழியை அனுமதிக்கிறது. கப்பலுக்கு அது பொருந்தலாம். அதற்குப் பதிவேடு உண்டு, ஆய்வாளர் உண்டு, உடைக்கும் நாளில் கணக்கும் உண்டு. கைமாறிக்கொண்டே போகும் சிறு படகுக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. மூடிய அடுக்கைப் பத்தாண்டு கழித்து யாரோ ஒருவர் என்ன என்று தெரியாமல் சுரண்டுவார். ஆகவே வெள்ளீயம் இருப்பது உறுதியானால், சேகரிக்க வசதியுள்ள இடத்தில் ஒருமுறை முழுக்க எடுத்துவிடுவதே நேர்மையானது என்று நினைக்கிறேன். அந்த வசதி இல்லாத இடத்தில், வசதி கிடைக்கும்வரை மூடி வைப்பதில் தவறில்லை.

தாமிரத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஷெல்டர் ஐலண்ட் படகுத்துறை நீரில் கரைந்து சேரும் தாமிரத்தை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2005இல் நிர்ணயித்தார்கள். அங்கே சேரும் தாமிரத்தில் ஏறக்குறைய எல்லாமே படகுகளின் அடிப்புறத்திலிருந்து வருவதுதான்.

நம் சோழமண்டலக் கரை இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் ஊருக்கு ஊர் பெருகின. கடலுக்குப் போய்வந்ததும் மணலில் இழுத்து ஏற்றிவிடும் படகில் கொட்டலசு ஏற நேரமில்லை, நஞ்சுப் பூச்சுக்கும் தேவையில்லை. நிரந்தரமாக நீரில் நிற்கும் படகுகளின் நோய் இது. துறைமுகங்களும் படகுத்துறைகளும் கட்டக் கட்ட, அந்த நோயும் கூடவே வரும் என்பதை இப்போதே அறிந்திருப்பது நல்லது.

உரித்து முடித்த அடிப்புறம் படகின் உண்மையைச் சொல்லும். பழைய ஒட்டுகள், விரிசல்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொப்புளங்கள். ஜெல்கோட்டின் வழியே மெல்ல ஊடுருவும் நீர், உள்ளே முழுக்க இறுகாத பிசினோடு சேர்ந்து அமிலத் திரவமாகித் தோலை உப்ப வைக்கிறது. ஒரு கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் நெடியோடு திரவம் பீய்ச்சும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் குத்தக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் குடைந்து, கழுவி, உலர்த்தி, எபாக்சியால் நிரப்பலாம். அடிப்புறம் முழுக்க இருந்தால் மட்டுமே ஜெல்கோட்டையே சீவியெடுக்கும் இழைப்புக் கருவிக்கு வேலை. ஒன்றிரண்டு கொப்புளத்தைக் காட்டி முழு இழைப்புக்கு மதிப்பீடு எழுதித் தரும் பட்டறைகளை நம்பத் தேவையில்லை. இழைத்தபின் படகு மாதக்கணக்கில் உலர வேண்டியிருக்கும்.

உலர்ந்த உடலில் எபாக்சித் தடுப்புப் பூச்சு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனம் வரும்வரை பல கை ஏற வேண்டும். இத்தனை உழைப்புக்குப் பின் மறுபடி கடினப் பூச்சை வாங்கி அடித்தால் அடுத்த தலைமுறைக்கு அதே சுமை. நன்னீரில் நிற்கும் படகுக்கு நஞ்சில்லாத பூச்சே போதும். ஸ்வீடனில் இருப்பதுபோல் தூரிகை சுழலும் கழுவுநிலையம் அருகில் இருந்தால் கடலிலும் நஞ்சைக் குறைக்கலாம். மற்றவர்களுக்குத் தேயும் வகை.

முப்பது அடிக்கு உட்பட்ட படகுக்கு, உறிஞ்சியோடு கைச்சுரண்டி, எட்டாத மூலைக்கு மென்மையான ரிமூவர், கடைசியாக 80 நம்பர் தாளில் ஒரு நிரவல்; இதுதான் என் தேர்வு. அதைவிடப் பெரிய படகுக்கு, கூடாரம் கட்டி, கழிவை எடுத்துச் செல்லும் பொறுப்பையும் ஏற்கும் துகள்வீச்சுக் குழுவை அமர்த்தலாம். கழிவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாத குழுவுக்கு எந்தக் குறைந்த விலையிலும் வேலை கொடுக்க வேண்டாம்.

படகு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுப் பூச்சு அடிக்கும் நாளில் அதன் பெயர், வகை, எத்தனை கை, எந்த ஆண்டு என்று படகின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடியில் எதை விட்டுவைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். படகை விற்கும்போது அந்தப் பதிவேட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.